மாமன் கொடுத்த சிவப்பு பேஸ்

எங்கள் தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சுங்களா" என்று விசாரிப்பதில்லை. "ஏனுங்க, இன்னைக்கு எந்தப் பேஸுல இருக்கறீங்க?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு உண்மையான பதில் வராது. கேட்டவரும் அதை எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் கரண்ட் வருகிறது. கம்பியில் நிறம் ஒன்றும் கிடையாது, பெயர்தான் அப்படி. ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பினால் வீடு மொத்தமும் ஒரு பேஸை விட்டு இன்னொரு பேஸுக்குத் தாவிவிடும்.

பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் ஏசி, தண்ணி மோட்டார், டிவி, இஸ்திரிப் பெட்டி என்று அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். டியூப் லைட் கண்ணைச் சிமிட்டும். உடனே யாராவது ஒருவர் திருகைத் திருப்புவார். அவர் வீட்டு லைட் பளிச்சென்று எரியும். எதிர்வீட்டுக்காரர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவரும் திருப்புவார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு. பட்டியில் ஒரு ஆடு தாண்டினால் மிச்ச ஆடெல்லாம் தாண்டுமே, அந்த மாதிரி கொஞ்ச நேரத்தில் தெருவே ஒரே பேஸில் வந்து குவியும். அதுவும் மங்கும். மறுபடியும் எல்லாரும் அடுத்ததற்குக் கிளம்புவார்கள். மற்ற இரண்டு பேஸும் ஆளில்லாமல் கிடக்கும். மூன்றாகப் பிரிந்துகொண்டால் எல்லாருக்கும் போதும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யார் எதில் இருப்பது என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

இதற்கு ஒரு சட்டமே சொல்லி வைத்திருந்தார் எதிர்வீட்டுச் சின்னண்ணன். போர்வெல் ரிக் வண்டிகளை வடக்கே அனுப்பி ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவர். இப்போது தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவை நிர்வாகம் செய்கிறார். "ஒரே பேஸுல இருக்கறவன் பங்காளி. பங்காளி ஊட்டுல பொண்ணெடுக்க முடியாது. சண்டதான் போட முடியும்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். அவர் வீட்டில் ஏசி மட்டும் மூன்று. அவர் எந்தப் பேஸில் வந்து இறங்கினாலும் அந்தப் பேஸுக்கு அன்றைக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

எனக்குத் தனப்பிரியா என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை ஒருவரும் உபயோகித்ததில்லை. கதிர்வேல் ஊட்டுக்காரி என்பார்கள். வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்த பிறகு மாவுக்காரப் புள்ள ஆனேன். என் வீட்டுக்காரர் கதிர்வேல் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். லாரி முதலாளிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், குலதெய்வங்கள் அத்தனை பேர் பெயரையும் பூ வேலைப்பாட்டோடு எழுதி இந்தியா முழுக்க ஓடவிட்டவர், பெண்டாட்டி பெயரை ஒரு தகரத்தில்கூட எழுதியதில்லை. "தனப்பிரியா மாவு"ன்னு ஒரு போர்டு எழுதித் தாங்க என்று நான் கேட்கும்போதெல்லாம், "மொதல்ல ஒரு பெரிய ஆர்டரு முடி புள்ள, பொறவு எழுதலாம்" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தெருவில் ஆளுக்கு ஒரு பாக்கெட் விற்பதற்கு எதற்குப் போர்டு?

அந்தப் பெரிய ஆர்டர் சின்னண்ணன் வீட்டிலிருந்தே வந்தது. அவர் மகன் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. நூற்றைம்பது பேருக்குக் காலை இட்லி. சின்னண்ணனுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து பெரிய சமையல்காரரைக் கூட்டிவர ஆசை. அவர் மனைவி காளியாத்தாள் பெரியம்மாதான், "சமையலுக்கு அவிய வரட்டும், மாவு மட்டும் எதுத்தாப்புல இருக்கற நம்ம புள்ள ஆட்டட்டும்" என்று ஒரே பிடியாக நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு அத்தன மாவு ஆட்ட முடியுமா? நாளைக்கு ஒரம்பரைக்கு முன்னால கல்லாட்ட இட்லி வெச்சா என்ற மானம் போயிரும்" என்று சின்னண்ணன் சொன்னது தெருவின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஒரம்பரை என்றால் உறவுக்காரர்கள். அவர் மெதுவாகப் பேசினாலே ரிக் ஓடுகிற இடத்தில் பேசுவது போலத்தான் இருக்கும்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இட்லி நன்றாக வந்தால் எனக்குப் பெயர். வராவிட்டாலும் பெயர்தான்: கல்லு இட்லிக்காரி. எங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர் விழுந்தால் என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போகும்போதுகூட "எந்தக் கதிர்வேலு, அந்தக் கல்லு இட்லியா?" என்று கேட்பார்கள்.

மாவு ஆட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கத்திரி வெயிலில் மத்தியானமே ஆட்டி வைத்தால் விடிவதற்குள் புளித்துப் பொங்கி அண்டாவை விட்டு இறங்கி வந்துவிடும். ராத்திரி ரொம்பத் தள்ளி ஆட்டினால் காலையில் உப்பாது, தட்டையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் ஆட்டி, கரைத்து, மூடி வைத்தால்தான் காலை இட்லிக்குச் சரியாக இருக்கும். தெருவே கரண்டுக்கு அடித்துக்கொள்ளும் அதே நேரம். ஊரிலிருக்கிற எல்லா வேலையையும் வேறு நேரத்துக்குத் தள்ளி வைக்கலாம். மாவைத் தள்ளி வைக்க முடியாது. அதற்கு அதன் கணக்கு.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் புதிதாக வாங்கிய பெரிய கிரைண்டரைத் துடைத்து, பொட்டு வைத்து, உளுந்தைப் போட்டேன். நல்ல கரண்ட். கல் மூன்றும் சும்மா பறந்தன. உளுந்து வெண்ணெய் மாதிரி திரண்டு மேலே மேலே வந்தது. அதை வழித்து அண்டாவில் போட்டுவிட்டு, முதல் ஈடு அரிசியைக் கொட்டியபோது எதிர்வீட்டு வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. ஒரம்பரை இறங்கியது. இறங்கின வேகத்தில் மூன்று ஏசியும் ஓடின. பந்தலில் சீரியல் லைட் மின்னியது. ரேடியோ செட் பாடியது. மாடித் தொட்டிக்குத் தண்ணி மோட்டார் போட்டார்கள். ஜெனரேட்டர் காலையில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். சின்னண்ணன்தான் "மூணு பேஸ் இருக்கறப்ப ராத்திரிக்கு எதுக்கு ஜெனரேட்டரு?" என்று சொல்லிவிட்டாரே.

எங்கள் வீட்டு டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டியது. கிரைண்டர் "ம்ம்ம்" என்று முனகியது. கல் நகரவில்லை.

"ஏனுங்க!" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் திருகைத் திருப்பினார். கிரைண்டர் உயிர் வந்து ஓடியது. நான் மூச்சு விடுவதற்குள் பக்கத்து வீட்டுச் சரிதா எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாள். அவள் வீட்டில் 'டக்'. அதற்கடுத்த வீட்டில் 'டக்'. எதிர்வீட்டில் 'டக்'. கிரைண்டர் மறுபடியும் முனகியது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் ஊர்வலம் பின்னாலேயே வந்தது. அரிசி பாதி ரவையும் பாதி முழுசுமாகக் கிடந்தது. பக்கத்து அண்டாவில் உளுந்து பொங்கிக்கொண்டு, எங்கேடா என் ஜோடி என்று கேட்பது போல் காத்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

என் வீட்டுக்காரர் மோவாயைத் தடவினார். லாரிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று யோசிக்கும்போது அப்படித் தடவுவார். "இரு புள்ள, வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், மதில் சுவர் ஓரமாகச் சரிதாவைக் கூப்பிட்டார். அவர் குரலைத் தாழ்த்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"சரிதா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். நீலம் இன்னைக்கு ஜம்முனு இருக்குது. ஒரு ஊடு கூட அதுல இல்ல. யார்கிட்டயும் சொல்லிராத. சொன்னா பங்காளி கூடிருவாங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேனுங்கண்ணா!" என்றாள் சரிதா.

அவர் உள்ளே வந்து சிவப்புக்குத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வெளியே சரிதாவின் போன் பேசும் சத்தம். அப்புறம் தெரு நெடுக 'டக்', 'டக்', 'டக்' என்று ஒரே சத்தம். பத்து வீடும் நீலத்துக்குப் போய்விட்டன. சிவப்பு முழுக்க எங்களுக்கு மட்டும். கிரைண்டர் கர்ஜித்தது. நான் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரிசியைத் தள்ளிக்கொண்டே சிரித்தேன். இந்த மனுசனைக் கட்டிக்கொண்டதில் இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

அந்தச் சிரிப்பு முதல் ஈடு முடியும்வரைகூட நீடிக்கவில்லை. தெருமுனையில் 'டப்' என்று வெடித்தது. நீலத்துக்கு டிரான்ஸ்பார்மரில் இருந்த பீஸ், அதாவது பியூஸ், போய்விட்டது. பத்து வீட்டுச் சுமையை ஒரே பீஸ் எப்படித் தாங்கும்? தெருவே இருட்டு. ரேடியோ செட் பாதிப் பாட்டில் நின்றது. அந்த இருட்டின் நடுவே எங்கள் வீடு மட்டும் கல்யாண மண்டபம் போல் எரிந்துகொண்டிருந்தது. கிரைண்டர் சத்தம் வேறு ஊருக்கே கேட்டது.

"லைட்ட அமத்துங்க!" என்றேன்.

அவர் கை சுவிட்சுக்குப் போவதற்குள் தெரு பார்த்துவிட்டது. 'டக்', 'டக்', 'டக்'. பத்து வீடும் ஒன்றாகச் சிவப்புக்கு வந்து இறங்கின. கிரைண்டர் ஒரு முனகு முனகி, கருகல் வாடை விட்டது. நான் பாய்ந்து அதை நிறுத்தினேன். நிறுத்தின நிமிடமே மறுபடியும் 'டப்'. சிவப்பும் போயிற்று.

இனி மஞ்சள் ஒன்றுதான் பாக்கி. எல்லார் கையும் திருகின் மேல் இருந்திருக்கும். நல்ல வேளையாக லைன்மேன் தமிழரசு அதற்குள் வண்டியில் வந்து சேர்ந்தார். "யாரும் திருகாதீங்க! கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டே போய் டிரான்ஸ்பார்மரையே நிறுத்திவிட்டார். தெரு முழுக்கக் கும்மிருட்டானது. ஆளாளுக்குச் செல்போன் வெளிச்சத்தோடு சின்னண்ணன் வீட்டுப் பந்தலில் கூடினார்கள்.

"ரெண்டு பீஸு போட்டுத் தாரேனுங்க. ஆனா மறுபடியும் மொத்தமா ஒண்ணுலயே ஏறுனீங்கன்னா டிரான்ஸ்பார்மரே போயிரும். பொறவு நாளைக்கு மத்தியானந்தான் கரண்டு. மூணாப் பிரிஞ்சுக்கோணும், அவ்வளவுதான்" என்றார் தமிழரசு.

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யார் எதில் என்று கேட்டதும் பிடித்துக்கொண்டது. ஒருவர் நீலத்தில் எப்பவும் தான்தான் முதலில் போவதாகச் சொன்னார். இன்னொருவர் சின்னண்ணன் எதில் இருந்தாலும் அதில் நான் இருக்க மாட்டேன் என்றார். சின்னண்ணன் "அப்ப நா எங்கய்யா போறது, நாமகிரிப்பேட்டைக்கா?" என்று சத்தம் போட்டார். நீலம் ஜம்மென்று இருக்கிறது என்று கிளப்பியது யார் என்று கேள்வி வந்தது. எல்லாரும் சரிதாவைப் பார்த்தார்கள். சரிதா என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவள், பத்து வீட்டுக்குச் சொன்னதை எப்படி ஒப்புக்கொள்வாள்? வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பந்தல் கால் மறைவில் நின்று வானத்தில் நட்சத்திரம் பார்த்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டுக்குப் போய், பாதி அரைந்த அரிசியில் கொஞ்சம் ஒரு குண்டாவில் வழித்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, சின்னண்ணன் முன்னால் நாற்காலியில் வைத்தேன்.

"பெரியப்பாங்க, இத கையில எடுத்துப் பாருங்க."

அவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ரவை மாதிரி இருக்குது?"

"இதுதானுங்க நாளைக்கு உங்க ஒரம்பரைக்கு இட்லி. உளுந்து அங்க பொங்கிட்டு நிக்குது. இன்னும் சித்த நேரத்துல அரிசி அரைஞ்சு அதோட சேரோணும். இல்லைன்னா நூத்தம்பது பேரும் கல்லத்தான் கடிக்கோணும். ஏசி வேணுமா, இட்லி வேணுமா, நீங்களே சொல்லுங்க. கல்லு இட்லிக்காரின்னு எனக்குப் பேரு வரும், சரி. ஆனா அதத் தின்னது உங்க பேரன் காதுகுத்துலன்னும் சேத்துத்தான் சொல்லுவாங்க!"

சின்னண்ணனிடம் அப்படிக் குரல் உயர்த்தி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல நினைத்தாரோ, அதற்குள் தெருவில் ஒரு வேன் திரும்பி, அதன் வெளிச்சம் பந்தல் முழுக்க அடித்தது.

தாய்மாமன் வந்துவிட்டார். சின்னண்ணன் மருமகளின் அண்ணன் வளவன். காதுகுத்தில் பிள்ளையை மடியில் உட்கார வைக்கப் போகிறவர். பின்னாலேயே பெண்கள் சீர்த் தட்டுகளோடு இறங்கினார்கள். பட்டுத் துணி, பழம், தேங்காய், வெல்லம், கடுக்கன். இருட்டில் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"என்னங்கத்தை, கரண்டு இல்லீங்களா?" என்றார் வளவன்.

காளியாத்தாள் பெரியம்மா முன்னால் வந்தார். என் குண்டாவைப் பார்த்தார். தமிழரசு கையில் புதுக் கம்பி கட்டிய பீங்கான் பீஸ் கட்டையைப் பார்த்தார். சீர்த் தட்டைப் பார்த்தார். அப்புறம் ஒரு காலித் தாம்பாளத்தை எடுத்துத் தமிழரசு முன்னால் நீட்டினார்.

"அது சிவப்புக் கட்டையா சாமி? இதுல வையி."

தமிழரசு விழித்துக்கொண்டே வைத்தார். பெரியம்மா மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். "அம்மா! அம்மா! தண்ணி மட்டும் படக்கூடாதுங்க!" என்று தமிழரசு அலறிவிட்டார். "சரி, பயப்படாத" என்று பீங்கான் மேல் காய்ந்த குங்குமத்தால் மட்டும் ஒரு பொட்டு வைத்தார். பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், வெற்றிலை. தட்டை வளவன் கையில் கொடுத்தார்.

"மாமன் சீருல இதையும் சேத்துக்க சாமி. உன்ற மருமகன் காதுகுத்துக்கு வாறவிய பசியாற, சிவப்புப் பேஸு நீ குடுக்கற சீரு. இத மாவு ஆட்டற புள்ளைக்குக் குடு."

வளவன் சிரித்துவிட்டார். "கடுக்கன் கொண்டாந்தேன், துணி கொண்டாந்தேன். கரண்டு சீரு எங்க ஊருல யாரும் குடுத்ததில்லீங்கத்தை. அந்தப் பெருமையும் எனக்கே இருக்கட்டும்" என்று தட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாங்கினேன். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். சீர் வாங்கும்போது சிரிக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பங்காளியின் வரப்பை அரையடி வெட்டுவார்கள். பங்காளியின் மடைத் தண்ணீரைத் திருப்புவார்கள். ஆனால் மாமன் சீர்த் தட்டில் இருக்கிற ஒரு வெற்றிலையைக்கூடத் தொட மாட்டார்கள். அதுவும் மாமன் வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எனக்கும் சிவப்பு வேண்டும் என்று எவர் கேட்பார்? இத்தனை வருடம் பேஸ் என்று பேசியதால் பங்கு கேட்டார்கள். சீர் என்று சொன்னதும் கை தன்னால் பின்னுக்குப் போய்விட்டது.

பெரியம்மா அந்தச் சூட்டிலேயே மீதியையும் முடித்துவிட்டார். "கெழக்க பாத்த ஊடெல்லாம் மஞ்சள். மேக்க பாத்த ஊடெல்லாம் நீலம். மோட்டாரு யாரும் ஒன்பது மணி வரைக்கும் போடாதீங்க. ஏனுங்க, நம்மூட்டு ஏசி ரெண்ட நிறுத்துங்க. ஒரம்பரை பந்தல்ல காத்தாட உக்காரட்டும், சின்ன வெங்காயம் உரிக்க ஆளு வேணும்."

"ரெண்டுமா?" என்றார் சின்னண்ணன்.

"பின்ன? இட்லிக்குத் தொட்டுக்க ஏசியா வெக்கப் போறீங்க?"

பந்தல் அதிரச் சிரித்தார்கள். சின்னண்ணனும் சிரித்தார். தானே எழுந்து போய் இரண்டு ஏசியை நிறுத்திவிட்டு, திரும்பி வரும் வழியில் சீரியல் லைட்டையும் பிடுங்கிவிட்டார். கேட்காமலே அதைச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

தமிழரசு பொட்டு வைத்த கட்டையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்டினார். கரண்ட் வந்தது. நான் கிரைண்டர் சுவிட்சில் கையை வைத்து, மல்லசமுத்திரத்துச் சாமிகள் அத்தனையையும் ஒரு சுற்று கூப்பிட்டுவிட்டு அழுத்தினேன். முனகவே இல்லை. ஒரே மூச்சில் எழுந்து ஓடியது. டியூப் லைட் அசையாமல் எரிந்தது. நான் பாட்டுக்கு அரிசியைத் தள்ளினேன், தெளித்தேன், வழித்தேன். 'டக்' சத்தம் வருகிறதா என்று காது தெருப் பக்கமே இருந்தது. வரவில்லை. கடைசி ஈட்டை வழித்து, உளுந்தோடு சேர்த்து, உப்புப் போட்டு, முழங்கை வரை விட்டுக் கரைத்தபோது மாவு கைக்கு மெத்தென்று இருந்தது. மாவு கரைக்கும்போது நான் அழுதேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லித் திரிகிறார். உண்மைதான். சந்தோஷத்தில் அழுதேன்.

மறுநாள் காலையில் வளவன் மடியில் உட்கார்ந்த பிள்ளை, காது குத்தப்பட்டபோது வீறிட்ட சத்தம் ரேடியோ செட்டைத் தோற்கடித்தது. அந்தச் சத்தத்தின் நடுவிலும் நான் பந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னண்ணன் இலையில் மூன்று இட்லி விழுந்தது. ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி, திரும்பவும் எழுந்தது. சாப்பிட்டார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வெய்யி" என்றார். அப்புறம் மறுபடியும் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு." நான் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அன்று சாயங்காலமும் சிவப்பில் யாரும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. சீர் முடிந்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை அல்லவா? நானும் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன, அவ்வளவு நல்லவளா? தெரு மஞ்சளிலும் நீலத்திலும் ஒழுங்காகப் பிரிந்து கிடக்க, நான் ஒருத்தி மட்டும் சிவப்பில் ராணி மாதிரி மாவு ஆட்டினேன். சரிதா மட்டும் மதில் மேல் தலையை நீட்டி, "ஏனுங்கக்கா, சீரு எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். "மாமனைத்தான் கேக்கோணும்" என்றேன்.

அப்புறம் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சின்னண்ணனே எங்கள் வாசலில் வந்து நின்றார். இந்தப் பக்கம் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் என் குண்டா. வெறும் குண்டாவைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று அதில் வெல்லமும் ஒரு சீப்பு பழமும் வைத்திருந்தார்.

"வாங்க பெரியப்பா, உள்ள வாங்க."

"இல்லம்மிணி, இருக்கட்டும்." அம்மிணி என்றார். மாவுக்காரப் புள்ள என்று சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார். "வளவனூட்டுப் பக்கம் ஒரு விசேசம் வருதாம். உன்ற மாவுதான் வேணுங்கறாங்க." மறுபடியும் செருமினார். "பேரனுக்குக் காது புண்ணு கொஞ்சம் எரியுது. வேக்காட்டுல தூங்க மாட்டீங்குது. நீலத்துல ஏசி இழுக்க மாட்டீங்குது. அதான்… சிவப்ப இன்னைக்கு ஒரு நா எங்களுக்குச் சீராக் குடுத்தீங்கன்னா…"

மூன்று ஏசிக்காரர் கையில் வெல்லத்தோடு நின்று என்னிடம் ஒரு சாயங்காலக் கரண்டைக் கேட்டார். நான் கொஞ்சம் அலட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் எதிர்வீட்டிலிருந்து கேட்டது. அலட்டல் வரவில்லை.

"எடுத்துக்குங்க பெரியப்பா. பாக்கெட் மாவு இன்னைக்குக் கொஞ்சந்தான், வெளிச்சம் இருக்கறப்பவே ஆட்டி முடிச்சுட்டேன். கொழந்த தூங்கட்டும்."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எனக்குப் பெரிய ஆர்டர் இருக்கிற நாளில் சிவப்பு எனக்கு. இல்லாத நாளில் யாருக்கு அவசரமோ அவர்களுக்கு. வருபவர் வெறும் கையோடு வருவதில்லை. ஒரு முழம் பூவோ நாலு முருங்கைக்காயோ இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருந்த வீட்டுக்கு ஒரு வாரம் கொடுத்தேன். சரிதாவுக்கு அவள் அண்ணன் குடும்பம் வந்த அன்று கொடுத்தேன். அவள் கொடுத்த முருங்கைக்காய் முற்றல். தமிழரசு இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு டீ குடிக்கத்தான் வருகிறார்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. என்னிடம் கேட்டு வாங்கினேன் என்று சொல்லச் சின்னண்ணனுக்குக் கூச்சம். யாராவது எந்தப் பேஸ் என்று கேட்டால், "இன்னைக்கு நாங்க தனப்பிரியாவுல இருக்கறோம்" என்று சொல்ல ஆரம்பித்தார். தெருவும் பிடித்துக்கொண்டது. சிவப்பு என்ற பேச்சே போயிற்று. மஞ்சள், நீலம், தனப்பிரியா.

நேற்றுச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து ஒரு புதுத் தகரத்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். லாரிக்கு எழுதுகிற அதே பூ வேலைப்பாடு, நல்ல சிவப்புப் பெயிண்ட். "தனப்பிரி" வரைக்கும் வந்திருந்தது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தும் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப் லைட்டெல்லாம் எரிய ஆரம்பித்த நேரம். எதிர்வீட்டு வாசலிலிருந்து சின்னண்ணன் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏனுங்க கதிர்வேலு! இன்னைக்குத் தனப்பிரியா யாரு ஊட்டுக்குங்க?"

என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை எடுக்காமலே, தலையைத் தூக்காமலே கத்தினார்.

"எந்நாளும் என்ற ஊட்டுக்குத்தானுங்க!"